என் பேச்சி ஒவ்வொரு கட்டத்திலும் வேறு ஆளாகத் தெரிகிறாள், எங்கிருந்து சரி செய்வது?

ஆற்றங்கரை (அம்பாசமுத்திரம்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் உள்ள சின்ன நூலகத்தில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். அவர்களுக்காகவே ஒரு காமிக்ஸ் வரைய ஆரம்பித்திருக்கிறேன். பதினாறு பக்கம், கறுப்பு வெள்ளை. ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் பின் அடித்து ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

நாயகி பெயர் பேச்சி. பன்னிரண்டு வயது, எதற்கும் பயப்படாத பிள்ளை. கூடவே மின்னல் என்று ஒரு சிப்பிப்பாறை நாய். ஊருக்குள் நடக்கிற சின்னச் சின்ன மர்மங்களை இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிப்பார்கள். கதை எனக்குத் தெளிவாக இருக்கிறது. படம்தான் பிடிபடமாட்டேன் என்கிறது.

பேச்சிக்குப் பெரிய கண், கூர்கூரான முடி, தொப்பி வைத்த சட்டை, இடுப்பில் பை பையாக ஒரு பெல்ட், கையில் டார்ச் லைட். பார்க்கிற எல்லோரும் ஜப்பான் கார்ட்டூனில் வருகிற பிள்ளை மாதிரி இருக்கிறது என்கிறார்கள். சரி என்று பாவாடை சட்டை, ரெட்டைச் சடை போட்டுப் பார்த்தேன். அப்போது பாடப்புத்தகத்துப் பிள்ளை ஆகிவிடுகிறாள். இரண்டுமே என் மனதில் இருக்கிற பேச்சி இல்லை.

இன்னொரு சிக்கல், முதல் கட்டத்தில் இருக்கிற பேச்சி நாலாவது கட்டத்தில் இல்லை. முகம் மாறிவிடுகிறது. பக்கவாட்டில் திருப்பினால் யாரோ ஒரு பையன் நிற்கிறான். மின்னல் உட்கார்ந்தால் நாயாக இருக்கிறது, ஓடினால் ஆடாகிவிடுகிறது.

பேச்சியின் தாத்தா ஒரு நீர்ப்பாய்ச்சி. கன்னடியன் கால்வாயில் மடை திறந்து அடைக்கிற வேலை. அவர் கதையில் அதிகம் வரமாட்டார், ஒன்றிரண்டு கட்டத்தில் வீட்டுத் திண்ணையில் இருப்பார்.

எதிலிருந்து தொடங்க வேண்டும்? நல்ல ஆப் ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள்.


வண்ணாரப்பேட்டை மாணவன்:

அக்கா, ஆப் பற்றி மட்டும் சொல்கிறேன். கம்ப்யூட்டர் இருந்தால் கிரிட்டா போட்டுக்கொள்ளுங்கள், காசு கிடையாது. போனில்தான் வரைய வேண்டும் என்றால் இபிஸ் பெயிண்ட் நன்றாக வேலை செய்யும். இரண்டிலும் லேயர் உண்டு, கண்ணாடித் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வரைகிற மாதிரி. முதலில் வரைந்த பேச்சியை ஒரு லேயரில் மங்கலாக வைத்துக்கொண்டு, அடுத்த கட்டத்தை அதன் பக்கத்திலேயே அளவு பார்த்து வரையலாம். அப்புறம், படத்தை இடவலமாகத் திருப்பிக் காட்டும் வசதி ஒன்று இருக்கிறது. அடிக்கடி திருப்பிப் பாருங்கள். ஒரு கண் மேலே ஒரு கண் கீழே இருப்பதெல்லாம் உடனே தெரிந்துவிடும். தாளில் வரைகிறீர்கள் என்றால் கண்ணாடி முன்னால் பிடித்தாலே போதும்.


பேட்டை போர்டு ஓவியர்:

தங்கச்சி, உங்கள் பதிவில் நான் திரும்பத் திரும்பப் படித்தது தாத்தாவைப் பற்றிய பத்தியைத்தான். நீர்ப்பாய்ச்சி என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, கதையில் அதிகம் வரமாட்டார் என்று அவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டீர்கள். உங்கள் பேச்சி அவர் பின்னால்தான் நிற்கிறாள். அவரை எழுப்பி நடக்க விடுங்கள், அவளும் கூட வந்துவிடுவாள்.

நான் பேட்டையில் போர்டு எழுதினவன். கடைப் பலகை, சுவர் விளம்பரம், கட்சிக் கட் அவுட், கோயில் கொடைக்குத் துணியில் படம் எல்லாம் வரைந்திருக்கிறேன். ஃபிளக்ஸ் வந்த பிறகு அந்த வேலை போய்விட்டது. இப்போது பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக் கொடுக்கிறேன், சிறுவர் பத்திரிகைக்கு வரைகிறேன். கட் அவுட் வேலையில் முதலில் கற்றுக்கொள்வது ஒன்றுதான். பார்க்கிற ஆள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறான். கண், மூக்கு, சட்டைப் பொத்தான் எதுவும் அவனுக்குத் தெரியாது. பலகையை வெட்டிய ஓரமே இது யார் என்று சொல்லிவிட வேண்டும். காமிக்ஸ் கட்டமும் அப்படித்தான். இரண்டு அங்குலக் கட்டத்துக்குள் தூரத்தில் நிற்கிற பேச்சி ஒரு நகத்தளவுதான் இருப்பாள். அப்போதும் அவள் பேச்சியாகத் தெரிய வேண்டும்.

தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போயிருப்பீர்கள். சூரசம்ஹாரத்தன்று கடற்கரையில் நிற்கிற கூட்டத்தில் எத்தனை வேஷம்! காளி, குறவன், குறத்தி, குரங்கு, எமன், போலீஸ். இருட்டுகிற நேரத்தில் தூரத்தில் நின்று பார்த்தாலும் எது எது என்று பிள்ளைகள் சொல்லிவிடும். முகத்தில் பூசிய வண்ணம் கிட்டப் போனால்தான் தெரியும். காளியை அந்தக் கிரீடமும் முதுகில் கட்டிய கைகளும் சொல்கின்றன. குரங்கை அதன் வாலும் குனிந்த நடையும் சொல்கின்றன. வேஷம் கட்டுகிறவர்கள் யாரும் ஓவியப் பள்ளிக்குப் போனவர்கள் இல்லை. ஆனாலும் உருவம் அமைக்கிற வேலையை நான் முதலில் கண்டது அங்கேதான்.

இப்போது உங்கள் பேச்சியின் படத்தை எடுத்து, உள்ளே எதுவும் தெரியாமல் முழுக்கக் கறுப்பு மையால் நிரப்பிப் பாருங்கள். பெல்ட்டும் பைகளும் காணாமல் போகும். டார்ச்சும் போகும். மிஞ்சுவது ஒரு பெரிய தலையும் கூரான முடியும். பார்க்கிறவர்கள் ஜப்பான் என்று சொல்வது அந்த மிச்சத்தைப் பார்த்துத்தான். பெரிய கண் வரைவது குற்றம் இல்லை. ஜப்பானின் பெரிய காமிக்ஸ் ஓவியர் ஒசாமு தெசுகாவே டிஸ்னி படங்களைப் பார்த்து ரசித்து, அதிலிருந்து எடுத்துத் தன் வழிக்குக் கொண்டு வந்தவர்தான். அவர் அந்தக் கண்ணுக்குக் கீழே தன் ஊர் உடம்பை, தன் ஊர் நடையை வைத்தார். நாம் கண்ணை மட்டும் எடுத்து வருகிறோம், கீழே வைக்க உடம்பு இல்லாமல் நிற்கிறோம்.

இதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. நம் பக்கத்தில் என் வயதுக்காரர்கள் கை பழகியதே சிவகாசிப் புத்தகங்களைப் பார்த்துத்தான். 1972-ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தது, 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. அந்தப் புத்தகங்களை நான் உயிராக நேசிக்கிறேன், இன்றும் வைத்திருக்கிறேன். ஆனால் அதில் பேச்சு தமிழ், உடம்பு வெளிநாடு. கோட்டுப் போட்டு நிமிர்ந்து நிற்கிற ஆளைப் பார்த்து வரைந்து பழகிய கைக்கு, வரப்பில் நிற்கிற ஆள் வரமாட்டான். உங்கள் தலைமுறைக்கு டிவி. கைக்கு வேறு உடம்பைப் பழக்க வேண்டும், அதற்குக் கொஞ்ச நாள் தெருவில் நின்று பார்த்தே ஆக வேண்டும்.

பாவாடை சட்டை போட்டதும் பாடப்புத்தகமாகிவிடுகிறாள் என்கிறீர்கள். உடுப்பை மாற்றினீர்கள், நிற்பதை மாற்றவில்லை. அதனால்தான். கையைத் தொங்கவிட்டு, காலைச் சேர்த்து, நேராகப் பார்த்து நின்றால் எந்த உடுப்பிலும் அவள் பாடப்புத்தகம்தான்.

சரி, நீர்ப்பாய்ச்சிக்கு வருவோம். உங்கள் ஊரில் காலை ஆறு மணிக்குக் கால்வாய்க் கரைக்குப் போங்கள். மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற ஆளைப் பாருங்கள். தகடு முதுகுக்குப் பின்னால் தொங்கும். பிடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் ஒரு கையை மணிக்கட்டு வரை தொங்கப் போட்டிருப்பார், பிடித்திருக்கமாட்டார். மம்பட்டி இருக்கிற தோள் கொஞ்சம் ஏறியிருக்கும், அதற்கு ஈடாக எதிர்ப்பக்க இடுப்பு ஏறியிருக்கும். வரப்பில் ஏறியதும் நடை மாறும். ஒரு பாதம் நேராக இன்னொரு பாதத்தின் முன்னால் விழும், கால்விரல்கள் விரிந்து சேற்றைப் பிடிக்கும், பார்வை எப்போதும் தண்ணீரில் இருக்கும். எங்கே கசிகிறது, எந்த வயலுக்கு இன்னும் ஏறவில்லை என்று பார்த்துக்கொண்டே நடப்பார். மர்மம் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி எது? தண்ணீர் குறைந்தால் எங்கோ யாரோ மடையைத் திறந்திருக்கிறார்கள். கரையில் கால்தடம் இருக்கும். உங்கள் கதைக்கு டார்ச்சும் பெல்ட்டும் தேவையே இல்லை.

அந்த மம்பட்டியை எடுத்துப் பேச்சி தோளில் வையுங்கள். பெரியவர் தோளில் அது சாதாரணம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோளில் வைத்தால் தகடு அவள் தலையைவிடப் பெரிதாகத் தெரியும். ஓரக்கோடு அங்கேயே கிடைத்துவிட்டது. தாத்தாவின் பழைய அரைக்கைச் சட்டை, முட்டி வரை தொங்கட்டும். பாவாடையை ஒரு பக்கம் தூக்கிச் செருகியிருக்கட்டும். இரண்டு சடையில் ஒன்று மடித்து ரிப்பன் கட்டியிருக்கட்டும், மற்றது அவிழ்ந்து தொங்கட்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாத உருவம்தான் கண்ணில் நிற்கும். செருப்பு ஒரு கையில். சேற்றுக்குள் இறங்குகிற பிள்ளை செருப்பைக் காலில் வைத்திருக்காது.

கார்ட்டூனிஸ்ட் ஆர். கே. லக்ஷ்மண் வரைந்த சாமானியனை நினைத்துப் பாருங்கள். கட்டம் போட்ட கோட்டு, வேட்டி, வழுக்கைத் தலையில் காதோரம் கொஞ்சம் முடி. 1951-லிருந்து வந்த உருவம், வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் எந்தக் கூட்டத்தின் மூலையில் நின்றாலும் நம் கண் அவரிடம் போய்விடும். மேலே கோட்டு, கீழே வேட்டி என்ற அந்த ஒரு சேர்மானத்தில் ஒரு வாழ்க்கையே இருக்கிறது. பேச்சிக்குத் தாத்தா சட்டையும் தூக்கிச் செருகிய பாவாடையும் அந்த வேலையைச் செய்யும்.

பக்கத்தில் நிற்கிற ஆட்களையும் சேர்த்து யோசியுங்கள். தாத்தாவைப் பனை மாதிரி நெட்டையாக, ஒல்லியாகப் போடுங்கள். பேச்சி குட்டையாக, கீழே அகலமாக. நாய் தரையோடு நீண்ட ஒரு வளைகோடு. மூன்று பேரும் சேர்ந்து நின்றால் மூன்று விதமான உருவம், யாரையும் யாரோடும் குழப்ப முடியாது. எல்லோரையும் ஒரே உயரத்தில், ஒரே பருமனில் போட்டுவிட்டுச் சட்டையின் டிசைனால் வித்தியாசம் காட்டுவது வேலைக்கு ஆகாது.

பளு சுமக்கிற உடம்பை வரைந்து பழக, பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலுக்கு ஒரு நாள் நோட்டோடு போங்கள். தூணில் ஒரு குறத்தி ராஜகுமாரனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறாள். நாயக்கர் காலத்துச் சிலை. நகை, அலங்காரம் எதையும் வரையாதீர்கள். தோளில் இருக்கிற எடை எந்த இடுப்பு வழியாக எந்தக் காலில் இறங்குகிறது என்று ஒரே ஒரு கோடு போடுங்கள். எதிரில் வேறு தூணுக்குப் போய் அதே ஒரு கோடு. ஒரு காலைப் பொழுது இப்படிக் கோடு மட்டும் போட்டுவிட்டு வந்தால், அன்று சாயங்காலம் பேச்சி தோளில் மம்பட்டி உண்மையிலேயே கனக்கும்.


ஆற்றங்கரை (அம்பாசமுத்திரம்):

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. கால்வாய்க் கரைக்குப் போனேன். நீங்கள் சொன்ன அந்தத் தொங்கப் போட்ட கையை அப்படியே பார்த்தேன்! மம்பட்டியோடு வரைந்து, கறுப்பு நிரப்பி, நூலகத்துப் பிள்ளைகளிடம் பெயர் சொல்லாமல் காட்டினேன். "இது வயலுக்குப் போற பிள்ளை, கோவக்காரி" என்று ஒரு பொடியன் சொன்னான். கோவக்காரி என்றது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் இன்னும் மூன்று விஷயம் கேட்க வேண்டும். பக்கவாட்டு முகம் இன்னும் பையனாகத்தான் வருகிறது. முகத்தைத் திருப்பித் திருப்பி ஒரே ஆளாக வைப்பது எப்படி? இரண்டாவது மின்னல், அவன் ஓட்டம் இன்னும் ஆட்டு ஓட்டம்தான். மூன்றாவது, ஒரு சிறுவர் பத்திரிகையில் இந்தப் படத்தைக் காட்டினேன். பேச்சியை எங்களுக்கே கொடுத்துவிடுங்கள், மாதாமாதம் போடுகிறோம் என்கிறார்கள். கொடுத்துவிடுவது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை.


பேட்டை போர்டு ஓவியர்:

முதலில் அந்தப் பொடியன் சொன்னதைப் படத்துக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். முகமே இல்லாமல் குணம் தெரிந்திருக்கிறது. இனி முகம் போடலாம்.

பெரிய கண்ணை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அதற்கும் காரணம் வேலையில்தான் இருக்கிறது. வெயிலில் வரப்பில் நிற்கிற பிள்ளைக்குக் கண் சுருங்கித்தான் இருக்கும். சின்னதாக இரண்டு நீள்வட்டம் போதும், முழுக்கக் கறுப்பு. உணர்ச்சியைப் புருவத்துக்கும் தோளுக்கும் கழுத்துக்கும் கொடுங்கள். ஆச்சரியப்படுகிற ஒரே ஒரு கட்டத்தில் கண் விரிந்தால் அதற்குப் பலம் இருக்கும். எப்போதும் விரிந்தே இருக்கிற கண் எதைக் கண்டு விரியும்?

பக்கவாட்டில் பையனாகத் தெரிவதற்குக் காரணம் நீங்கள் வளர்ந்த ஆளின் மண்டையை வரைவது. பிள்ளைகளுக்கு நெற்றி முன்னால் புடைத்திருக்கும், மூக்கு சின்னது, தாடை உள்ளே போயிருக்கும். வளர்ந்தவர்களுக்குக் கண் தலையின் பாதி உயரத்தில் இருக்கும், பிள்ளைகளுக்குப் பாதிக்குக் கீழே. நெற்றியிலிருந்து கன்னம் வரை ஒரே வளைவாக இழுத்து, மூக்கை அதில் ஒரு சின்ன மேடாக மட்டும் வையுங்கள். காது, புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் நடுவில், தலையின் பின்பாதியில் உட்கார வேண்டும். சடை காதுக்குப் பின்னாலிருந்து கிளம்பட்டும். சடை கிளம்புகிற இடம் கட்டத்துக்குக் கட்டம் ஏறி இறங்கினால், நீங்கள் என்ன செய்தாலும் ஆள் மாறிவிடுவாள்.

இதற்கு ஒரு மாதிரித் தாள் போட்டே தீர வேண்டும். ஒரு முழுச் சார்ட்டை வாங்கிப் படுக்கவைத்து, குறுக்கே நீளமாகக் கோடுகள் இழுங்கள். உச்சந்தலை, கண், தாடை, தோள், இடுப்பு, முட்டி, தரை. அந்தக் கோடுகளுக்குள் பேச்சியை முன்னால், முக்கால் திருப்பத்தில், பக்கவாட்டில், பின்னால் என்று பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். எல்லாத் திருப்பத்திலும் கண் கண்கோட்டில்தான் இருக்க வேண்டும், சட்டையின் விளிம்பு முட்டிக்கோட்டில். உயரத்தைத் தலையால் அளங்கள். வளர்ந்த ஆள் ஏழு, ஏழரைத் தலை. நிஜத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆறரைத் தலை வரை இருக்கும். காமிக்ஸுக்கு அவ்வளவு வேண்டாம், பேச்சியை நாலு தலையில் நிறுத்தினால் முகமும் தெரியும், மம்பட்டி தூக்க உடம்பும் இருக்கும். மம்பட்டிக்கும் ஓர் அளவு வையுங்கள். தரையில் ஊன்றினால் பிடி அவள் நெஞ்சு வரை என்று முடிவு செய்துவிட்டால் பதினாறு பக்கத்திலும் நெஞ்சு வரைதான். வரைகிற பலகைக்கு எதிரே சுவரில் அந்தச் சார்ட் இருக்கட்டும். போன கட்டத்தைப் பார்த்து அடுத்த கட்டத்தை வரையாதீர்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் சார்ட்டைப் பாருங்கள். போன கட்டத்தில் நூலளவு நழுவியது இதில் விரலளவாகும், கடைசிப் பக்கத்தில் வேறு ஆள்.

இனி மின்னல். சிப்பிப்பாறையைத் தேர்ந்தெடுத்ததற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். நம் கரிசல் பக்கத்து நாய், முயல் வேட்டைக்கு வளர்த்தது. அதன் உடம்பில் மூன்று இடம் முக்கியம். நெஞ்சு ஆழமாக முழங்கை வரை இறங்கியிருக்கும். அங்கிருந்து வயிறு சட்டென்று மேலே ஏறி இடுப்பில் ஒட்டியிருக்கும். முதுகு இடுப்புப் பக்கம் லேசாக வளைந்திருக்கும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் முகம் எப்படி வந்தாலும் அது சிப்பிப்பாறைதான்.

உங்கள் நாய் ஆடாவதற்குப் பின்னங்கால்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பின்னங்காலில் பின்பக்கமாக மடங்கித் தெரிகிற மூட்டை எல்லோரும் முட்டி என்று நினைக்கிறார்கள். அது குதிகால். நாய் விரல்நுனியில் நிற்கிற பிராணி, அதன் குதிகால் தரையில் படாமல் மேலே நிற்கிறது. உண்மையான முட்டி மேலே, வயிற்றின் ஓரமாக, முன்பக்கம் மடங்குகிறது. உங்கள் காலையே எடுத்துக்கொள்ளுங்கள். நுனிக்காலில் நின்று முட்டியை மடக்கினால் அதே வளைவுகள் வரும். இது புரிந்துவிட்டால் நாய், பூனை, புலி எல்லாம் ஒரே பாடம்.

அப்புறம் ஓட்டம். இந்த வகை வேட்டை நாய் முழு வேகத்தில் ஓடும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை நாலு காலும் தரையை விட்டு எழும். ஒரு தடவை கால்கள் எல்லாம் வயிற்றுக்கு அடியில் கூடி முதுகு மேலே வளையும். இன்னொரு தடவை முன்னும் பின்னும் முழுக்க நீண்டு முதுகு நிமிரும். ஆட்டின் முதுகு இவ்வளவு வளையாது. நீங்கள் முதுகை நேராக வைத்துவிட்டுக் காலை மட்டும் ஓட வைத்திருப்பீர்கள். கூடிய நிலை ஒன்று, நீண்ட நிலை ஒன்று, இரண்டையும் பழகினால் போதும். நடுவில் இருக்கிற மற்ற நிலைகள் காமிக்ஸுக்குத் தேவைப்படாது. நிழலைத் தரையில் தனியாகப் போட்டுவிடுங்கள், நாய் காற்றில் இருப்பது தெரியும்.


டிடிபி அக்கா (பாளையங்கோட்டை):

நான் படம் வரையத் தெரியாதவள், எழுத்து அடுக்குகிறவள். ஆற்றங்கரைக்கு இரண்டு வார்த்தை. ஓவியர்கள் படத்தை முடித்துவிட்டு மிச்ச இடத்தில் வசனம் எழுதுகிற பலூனைத் திணிக்கக் கொண்டு வருவார்கள். தமிழுக்கு அது சரிப்படாது. நம் சொற்கள் நீளம், கொம்பும் காலும் சேர்ந்தால் அகலம் இன்னும் கூடும். மேலே விசிறி, கீழே சுழி இருப்பதால் வரிக்கு வரி இடைவெளியும் வேண்டும். ஆகவே ரஃப் போடும்போதே வசனத்தை அந்த அளவில் கையால் எழுதி, அதைச் சுற்றி பலூன் போட்டு, அப்புறம் ஆளை நிறுத்துங்கள். கட்டத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கைப் பேச்சுக்கு விட்டுவிட்டால் நிம்மதி. சொல்லை உடைக்க வேண்டி வந்தால் புள்ளி எழுத்தில் அடுத்த வரி தொடங்கக் கூடாது.

பேச்சி நம் ஊர்ப் பேச்சே பேசட்டும். "தாத்தா, மடை உடைந்துவிட்டது" என்பது பலூனில் இரண்டு வரி பிடிக்கும், "தாத்தா, மடை ஒடைஞ்சிட்டு!" ஒரே வரியில் அடங்கும். கோவக்காரப் பிள்ளை என்று வேறு சொல்கிறீர்கள்.

ஜெராக்ஸ் என்றால் பென்சில் நிழல், மை கரைத்த சாம்பல் பூச்சு எதுவும் நிற்காது, திட்டுத் திட்டாக வரும். கோடும் முழுக் கறுப்பும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிழல் வேண்டுமென்றால் கோடு கோடாகப் போடுங்கள். அச்சாகிற அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வரைந்து சுருக்கினால் கை நடுக்கம் தெரியாது. ஸ்கேன் செய்தால் கறுப்பு வெள்ளைக் கோட்டுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வையுங்கள். பதினாறு பக்கம் என்பது ஏ4 தாளை நடுவில் மடித்தால் நாலு தாள். வெளித் தாளின் ஒரு முகத்தில் 16-ம் 1-ம் பக்கத்தில் பக்கத்தில் வரும், அதன் முதுகில் 2-ம் 15-ம். முதலில் வெறும் தாளை மடித்துப் பக்க எண் எழுதி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.


தென்காசி வாசகர்:

பத்திரிகைக்குக் கொடுப்பது பற்றி. வக்கீல் ஆபீஸில் வேலை பார்ப்பதால் சொல்கிறேன். 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் வரைந்த நிமிஷத்திலிருந்தே அந்தப் படம் உங்களுடையது. பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 60 வருஷத்துக்கும் உரிமை நிற்கும். ஆனால் நீர்ப்பாய்ச்சியின் பேத்தி துப்பறிகிறாள் என்ற யோசனைக்கு உரிமை கிடையாது, அதை வேறு யாரும் வேறு விதமாக வரையலாம். நீங்கள் வரைந்த பேச்சியின் உருவம்தான் உங்கள் சொத்து.

உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருஷத்துக்கு என்று அதில் எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். எனவே அவர்கள் நீட்டுகிற தாளில் "நிரந்தரமாக", "உலகம் முழுவதும்" என்ற சொற்கள் இருக்கிறதா என்று பாருங்கள். பத்திரிகையில் போட அனுமதி கொடுப்பது வேறு, பேச்சியையே கொடுப்பது வேறு. முதலாவது போதும். மாத இதழில் போட்டுக்கொள்ளலாம், புத்தகமும் பொம்மையும் என் அனுமதியோடு மட்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் முன் பக்கத்தில் இருக்கிற வக்கீல் யாரிடமாவது ஒரு தடவை காட்டிவிடுங்கள்.


ஆற்றங்கரை (அம்பாசமுத்திரம்):

எல்லோருக்கும் நன்றி. அனுமதி மட்டும் கொடுக்கிறேன் என்று பத்திரிகைக்கு எழுதிவிட்டேன், பதில் வரட்டும். சார்ட் போட்டாயிற்று, சுவரில் ஒட்டியாயிற்று.

அண்ணாச்சி, கதையையே மாற்றிவிட்டேன். முதல் பக்கத்தில் இருட்டோடு தாத்தா மடைக்குப் போகிறார், தண்ணீர் பாதியாகக் குறைந்திருக்கிறது. பேச்சி கரையோடு நடந்து போய்க் காரணத்தைக் கண்டுபிடிக்கிறாள். இப்போது ஒரே ஒரு தயக்கம். பெரிய மம்பட்டியோடு இருப்பதால் எல்லாக் கட்டத்திலும் அவளுக்கு ஒரு கை வேலையாகவே இருக்கிறது. ஏறுவது, குனிவது, ஒளிவது எல்லாம் எப்படி வரைவது?


பேட்டை போர்டு ஓவியர்:

அதுதான் உங்களுக்குக் கிடைத்த வரம் தங்கச்சி. கையில் ஒரு பொருள் இருக்கிற ஆள் சும்மா நிற்க முடியாது. ஒளியும்போது அதை எங்கே வைப்பாள்? தகடு வெளியே நீட்டிக்கொண்டு காட்டிக் கொடுக்கும், அது ஒரு கட்டம். மரத்தில் ஏறும்போது கீழே போடுவாள், மின்னல் அதன் பக்கத்தில் காவல் உட்காரும். வாய்க்காலைத் தாண்டும்போது ஊன்றிக்கொண்டு குதிப்பாள். களைத்தால் பிடி மேல் தாடையை வைத்து நிற்பாள். சந்தேகம் வந்தால் தகட்டில் ஒட்டிய சேற்றைக் காலால் வழித்துக்கொண்டே யோசிப்பாள். இதையெல்லாம் சின்னச் சின்னதாக, தீப்பெட்டி அளவில் வரைந்து ஒரு பக்கம் நிரப்புங்கள். முகம் வேண்டாம், முழுக்கக் கறுப்பு.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருப்புடைமருதூர் இருக்கிறதே, கோபுரத்துக்குள் ஐந்து நிலையிலும் நாயக்கர் கால ஓவியம். கதையை வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும் சுவர்கள். குதிரைகளை ஏற்றி வருகிற கப்பல் ஒன்று அங்கே உண்டு. பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், எல்லோர் கையிலும் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

தாத்தா முதல் பக்கத்தில் வருவது நல்லது. அவருக்கு மம்பட்டி கொடுக்காதீர்கள், அது இனி பேச்சியுடையது. தலையில் துண்டு, கையில் ஒரு அரிக்கேன் விளக்கு போதும். இருட்டுக் கட்டத்தைப் பெரும்பாலும் கறுப்பாக விட்டு, விளக்கைச் சுற்றி மட்டும் வெள்ளை வையுங்கள். ஜெராக்ஸில் கறுப்பு வெளிறினால் மெஷினில் ஒரு அளவு கூட்டச் சொல்லுங்கள்.

தீப்பெட்டிப் படங்கள் ஒரு பக்கம் நிறைந்ததும் இங்கே போடுங்கள். கூடவே மின்னலின் பின்னங்கால் மட்டும் தனியாக ஒரு தாளில், நின்றது ஒன்று, ஓடுவது ஒன்று. பார்த்துச் சொல்கிறேன்.